வாடகைக்கு ஓர் இருட்டு

நெப்ராஸ்காவில்,
சோளக்காடு முடிந்து நெடுஞ்சாலை தொடங்குமிடத்தில்
எங்கள் கிட்டங்கி.
முந்நூற்று நாற்பது தகரக் கதவுகள்,
எல்லாம் ஒரே ஆரஞ்சு.
உள்ளே மனிதர் யாரும் இல்லை.
சோபாக்கள் குடியிருக்கின்றன.
சன்னல் இல்லாத இருட்டுக்கு
மாதம் எண்பத்தொன்பது டாலர்.

நான் இங்கே மேலாளர்.
வாடகை நின்றால் பூட்டை அறுப்பவனும் நானே.
அறுத்து அறுத்துத் தெரிந்துகொண்டது:
பெட்டிகளின்மேல் பெரும்பாலும்
‘முக்கியம்’ என்று எழுதியிருக்கும்.
திறந்தால் மின்கம்பிச் சுருள்கள்,
எந்த இயந்திரத்தினுடையவை என்று
எழுதியவருக்கே மறந்துபோனவை.

களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்து
அன்றிரவே செத்துப்போன பண்ணைக்காரனைப் பற்றி
ஒரு ஞாயிறு போதகர் பேசினார்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேன்.
எனக்கு முன்வரிசைகளில்
பதினோரு வாடிக்கையாளர்கள்.

இருநூற்றுப் பதினான்காம் அறை
ஆர்லீன் கூபிச்செக்குடையது.
கணவர் போனதும் பண்ணைவீட்டை விற்றாள்.
வீட்டை விற்க முடிந்தது,
வீட்டுக்குள் இருந்ததை முடியவில்லை.
ஒன்பது வருடமாக
ஒருமுறைகூடத் தவறாத காசோலை.

ஜனவரியில், பனி கொட்டும் அதிகாலையில்,
டிரெய்லர் குடியிருப்பில் தீ.
இறைச்சி ஆலையில் இரவு வேலை முடித்து
எலூவியா திரும்பியபோது
தெருவில் நின்றிருந்தவை
மூன்று பிள்ளைகள், ஒரு கோழிப் பொம்மை.
அவ்வளவுதான் மிச்சம்.

மறுநாள் ஆர்லீன் என் அலுவலகத்துக்கு வந்தாள்.
கையில் ஒரு துண்டுத்தாள்.
“ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
இவ்வளவு கொடுத்து
ஒரு சாப்பாட்டு மேஜையைக் குளிரில்லாமல் வைத்திருக்கிறேன்.
மேஜைக்குக் குளிராது, தெரியுமா உனக்கு?”
சாவியை வைத்தாள்.
அழவில்லை.
தன்மேலேயே கோபமாய் இருந்தாள்.

கதவைத் தூக்கினோம். அந்துருண்டை நெடி.
கட்டில்கள், வாணலிகள், மாவரைக்கும் இயந்திரம்,
ஒன்றின்மேல் ஒன்றாய் ஆறு நாற்காலிகள்.
கம்பளிப் போர்வையைப் பூச்சி தின்றிருந்தது.
ஓட்டைகளில் விரலை நுழைத்துப் பார்த்தாள் ஆர்லீன்.
“நான் யாருக்கும் கொடுக்காததை
இது தானே எடுத்துக்கொண்டது” என்றாள்.

இப்போது என் பங்கு.
மூலையில் ஒரு துளைப்பான் இருந்தது. மஞ்சள் நிறம்,
பெட்டி பிரிக்காதது.
அகதிக்கு இது எதற்கு என்று நினைத்தேன்.
எலூவியா அகதிகூட இல்லை.
பத்து வருடமாய் இந்த ஊர்க்காரி,
என் பிள்ளை படிக்கும் பள்ளியில்தான்
அவள் பிள்ளைகளும்.
ஆனால் ஒரு பொருளைப் பதுக்குமுன்
மனம் எப்படியாவது
எதிராளியைச் சின்னவராக்கிக்கொள்கிறது.

வீட்டில் அதை வைத்து ஓர் அலமாரி மாட்டினேன்,
என் சாமான்களுக்கு.
ஆண்டவரே,
களவு என்று அதற்குப் பெயர் வைக்க
எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பிப்ரவரியில் எலூவியா கூப்பிட்டாள்.
புது வாடகை வீட்டில் கதவுத் தாழ் பிடிக்கவில்லையாம்.
துளைப்பானோடு போனேன். சரிசெய்தேன்.
கிளம்ப விடவில்லை.
அந்த மேஜையில் கோழிரசம், சோள ரொட்டி.
மேஜைக்கடியிலிருந்து கடைக்குட்டி கத்தினான்:
கல்லாகிப்போன சூயிங்கம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான்.
அதுவும் கூபிச்செக் குடும்பச் சொத்து.
எலூவியா கண்மூடி ஸ்பானிஷில் ஜெபித்தாள்.
அதில் ஆர்லீன் பேர் வந்தது.
என் பேரும் வந்தது.
ரசம் தொண்டையில் நின்றது.

துளைப்பானை அங்கேயே விட்டு வந்தேன்.
வழியில் அவள் போன் செய்தாள்,
“மறந்துவிட்டீர்களே” என்று.
“இல்லை, அது உங்களுடையது” என்றேன்.
‘எப்போதிருந்து’ என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அந்த பதில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது,
பூட்டிய அறையில்.

காலி அறையைப் பார்க்க வேண்டுமென்றாள் ஆர்லீன்.
நடுவில் போய் நின்றாள்.
ஒருமுறை கைதட்டினாள்.
தகரம் திரும்பத் தட்டியது.
இன்னும் பலமாய்த் தட்டினாள்,
எண்பத்தோரு வயதில், குளிர்கோட்டுக்குள்,
சிரித்துக்கொண்டே.

அந்த வாரமே அறையை இன்னொருவர் எடுத்துவிட்டார்.
படகு வைக்க வேண்டுமாம்.
இங்கிருந்து கடல் ஆயிரம் மைல்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
சாவியைக் கொடுத்தேன்.